கண்ணாடியில் ஆவி, காலடியில் தண்ணீர்

காருக்குள் கண்ணாடி வேர்த்துப் போகிறது என்று யாராவது என்னிடம் சொன்னால், கண்ணாடியைப் பற்றி நான் எதுவுமே கேட்பதில்லை. "ஃப்ளோர் மேட்டைத் தூக்கிட்டு அதுக்கு அடியில இருக்கிற கார்பெட்டை முஷ்டியால நல்லா அமுக்கிப் பாருங்க" என்பேன். அலுப்போடுதான் போவார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிடும்போது குரல் மாறியிருக்கும்.

மேலோட்டமாகத் தொட்டால் ஒன்றும் தெரியாது. கார்பெட்டின் மேல்பக்கம் மெல்லிய துணிதான், சீக்கிரம் காய்ந்துவிடும். அதற்கு அடியில், சாலைச் சத்தத்தை அடக்குவதற்காக, விரல் பருமனுக்குப் பஞ்சோ ஃபோமோ ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் உட்கார்ந்திருப்பது அங்கே. நாலாக மடித்த டிஷ்யூ தாளை கார்பெட்டின் மேல் வைத்து, அதன் மேல் குதிகாலை ஊன்றி முழு எடையையும் கொடுங்கள். தாள் நனைந்து வந்தால் உங்கள் பிரச்சினை கண்ணாடியில் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. நடுத்தரக் கார் ஒன்றின் உள்ளே ஏறத்தாழ 3 கன மீட்டர் காற்று இருக்கும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றால் தாங்க முடிந்த நீராவி அதிகபட்சம் 17 கிராம். ஆக, வண்டிக்குள் இருக்கும் மொத்தக் காற்றும் இதற்கு மேல் முடியாது என்கிற அளவுக்கு ஈரமாக இருந்தாலும் அதில் இருப்பது 50 கிராம் தண்ணீர். ஒரு டம்ளரில் கால்வாசிதான் வரும். கார்பெட்டின் அடிப்பஞ்சோ லிட்டர் கணக்கில் குடிக்கும். காலையில் துணியால் கண்ணாடியைத் துடைத்து நாம் வெளியே எடுப்பது அந்த 50 கிராமில் ஒரு பங்கு. துடைத்து முடிப்பதற்குள் கீழேயிருந்து அடுத்த தவணை ஏறி வந்துவிடும்.

எல்லா ஆவியும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிற பாதிப் பேர் இன்றே கார்பெட்டைப் பிய்த்துவிடுவார்கள். ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே மூச்சிலும் தோலிலுமாக மணிக்குச் சுமார் 40 கிராம் தண்ணீரைக் காற்றில் விடுகிறார். மழையில் நனைந்து நாலு பேர் ஏறி, ஜன்னலை ஏற்றிக்கொண்டால் கண்ணாடியை ஆவி மூடாமல் என்ன செய்யும்? அது ஏ.சி. போட்ட சில நிமிடங்களில் போய்விடும். கவலைப்பட வேண்டியது வேறு மாதிரி ஆவி: ராத்திரி முழுக்க யாரும் ஏறாத வண்டியில், மழையே இல்லாத நாளில், விடிந்து பார்த்தால் கண்ணாடியின் உள்பக்கம் நனைந்திருப்பது. கதவைத் திறந்ததும் நமுத்த துணி மூட்டையை அவிழ்த்த மாதிரி ஒரு வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம்.

நான் ஓட்டுவது பழைய ஹேட்ச்பேக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதில் முன்சீட்டில் பக்கத்தில் உட்காருபவர் கால் வைக்கும் இடத்தில் ஈரம் வந்தது. ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினேன். "பழைய வண்டின்னா இப்படித்தான் மேடம், ஒரு இன்டீரியர் வாஷ் போட்டா வாடை போயிடும்" என்றார் அங்கே இருந்தவர். ஈரமாக இருக்கும் வண்டிக்குள் இன்னும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரை ஊற்றுவது எந்த வகை வைத்தியம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இன்டீரியர் வாஷ் என்று செய்யும்போது நுரையைத் தேய்த்து, மேலோட்டமாக உறிஞ்சி எடுத்து, வாசனையும் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அடிப்பஞ்சில் இறங்கியது இறங்கியதுதான். சுத்தமான, காய்ந்த வண்டிக்குக்கூட அதை வெயில் நிச்சயமாக இருக்கும் நாளில் மட்டும் செய்வேன்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். வழியை அடைக்காமல் காய வைப்பது அடுத்த மழைக்கு இடம் ஒதுக்கி வைப்பது.

தண்ணீரே பாதி பதிலைச் சொல்லிவிடும். வெள்ளை டிஷ்யூவில் ஒற்றி எடுத்து, நிறத்தைப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். மண்ணும் தூசியுமாகக் கலங்கியிருந்தால் மழைத் தண்ணீர். தெளிவாக இருக்கிறது, மழை இல்லாத நாளிலும் வருகிறது, ஏ.சி. நிறைய ஓடிய பிறகு அதிகமாகிறது என்றால் ஏ.சி.யின் கூலிங் காயிலில் இருந்து வடியும் தண்ணீர். வெயில் காலத்தில் நின்றிருக்கும் காரின் அடியில் ஏ.சி. தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த டிரெயின் குழாய் தூசியாலோ பூச்சிக் கூட்டாலோ அடைத்துக்கொண்டால் அதே தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் வழிந்து கார்பெட்டுக்கு வருகிறது. வண்டிக்கு அடியில் சொட்டுவது நின்றுபோனதை ஏதோ நல்ல சகுனம் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. மூன்றாவது வகை, விரலில் பிசுபிசுத்து, இனிப்பாக வாடை அடித்து, பச்சையாகவோ சிவப்பாகவோ சாயம் காட்டுவது. அது கூலன்ட், என்ஜினைக் குளிர்விக்கும் திரவம். அந்தத் திரவத்தின் சூட்டால் உள்காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. முன்கண்ணாடியின் உள்பக்கம் துடைக்கத் துடைக்க எண்ணெய்ப் படலம் மாதிரி வருவதும், கூலன்ட் டப்பாவில் அளவு குறைவதும் கூடவே இருக்கும். கூலன்டில் வழக்கமாகச் சேர்க்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். இனிப்பாக வேறு இருக்கும். குழந்தைகளையும் நாய் பூனையையும் அந்தக் கார்பெட் பக்கம் விடாதீர்கள். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே மேல், ஏனென்றால் பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும்.

எனக்கு வந்தது கலங்கல் தண்ணீர். ஆக மழை.

மழைத் தண்ணீர் நுழையும் வழியைத் தேட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே, ஒருவர் ஹோஸோடு வெளியே. பிரஷர் வாஷர் வேண்டாம்; அது ஒழுகாத வண்டியையும் ஒழுக வைக்கும். மெதுவாக வழிகிற தண்ணீர் போதும். கீழேயிருந்து மேலே போக வேண்டும் என்பது முக்கியம்: முதலில் கதவின் கீழ்ப்பாதி, பிறகு ஜன்னல் மட்டம், பிறகு முன்கண்ணாடியின் அடி, கடைசியாகக் கூரை. மேலேயிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது ஒழுகியது என்றே தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் பொறுக்க வேண்டும். என் அக்கா மகனை உள்ளே உட்கார வைத்தேன். போனை நோண்டிக்கொண்டே இருந்தான். கதவுகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. வைப்பர் பக்கம் தண்ணீரை விட்டதும், "சித்தி, நிறுத்து நிறுத்து! ஃபேன் பக்கத்திலேர்ந்து கொட்டுது!" என்று உள்ளேயிருந்து கத்தினான்.

பானெட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவே, வைப்பர் கைகள் முளைக்கும் இடத்தில், கறுப்புப் பிளாஸ்டிக் தட்டு ஒன்று சல்லடை மாதிரி இருக்கும். கண்ணாடியில் வழியும் மழை முழுவதும் அதற்குக் கீழே உள்ள பள்ளத்தில் விழுந்து, இரண்டு ஓரத்து ஓட்டைகள் வழியாகச் சக்கரத்தின் பக்கம் இறங்கி வெளியேறும். உள்ளே வரும் காற்றையும் ப்ளோயர், அதாவது டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஃபேன், அதே பள்ளத்தில் இருந்துதான் இழுக்கிறது. மரத்தடியில் நிறுத்தும் வண்டியில் இலையும் பூவும் விழுந்து, மக்கி, சேறாகி, அந்த ஓட்டைகளை அடைத்துவிடும். பள்ளம் குளமாகிறது, மட்டம் ஏறியதும் தண்ணீர் காற்று போகும் வழியாகவே உள்ளே இறங்குகிறது. என் வண்டியில் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றிப் பார்த்தபோது அங்கே ஒரு செடி முளைத்திருந்தது. இரண்டு இலை விட்டிருந்தது, ஆரோக்கியமாக. உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை உருவிப் பார்த்தால் நனைந்து கறுத்து, அதுவும் வாடைக்குத் தன் பங்கைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

உங்கள் வண்டியில் வேறு இடமாக இருக்கலாம். சன்ரூஃப் இருந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். அதன் ரப்பர் தண்ணீரை முழுதாகத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டது இல்லை. கொஞ்சம் கசியும் என்பது கணக்கில் உண்டு. கசிவது சன்ரூஃபைச் சுற்றியுள்ள தட்டில் விழுந்து, மூலைகளில் இருக்கும் மெல்லிய குழாய்கள் வழியாகத் தூண்களுக்குள் இறங்கி வெளியே போக வேண்டும். குழாய் அடைத்தால் கூரைத் துணியில் கறை, காலடியில் ஈரம். ஒரு கரண்டித் தண்ணீரை அந்தத் தட்டில் விட்டு, வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் வளைந்து கொடுக்கும் நைலான் நரம்பை மெதுவாக விட்டு எடுக்கலாம். கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடிக்க வேண்டாம். குழாய் இணைப்பிலிருந்து கழன்று, இனி எப்போதும் தூணுக்குள்ளேயே கொட்டும்.

கதவு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். கதவுக் கண்ணாடியை ஒட்டி வழியும் மழை கதவுக்குள் போகத்தான் செய்யும், எல்லா வண்டியிலும். உள்ளே போனது கதவின் அடியில் இருக்கும் சிறு துவாரங்கள் வழியாக வெளியே வந்துவிடும். கதவுக்கும் உள்பக்க டோர் பேடுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைக் கறுப்புப் பசையால் ஒட்டியிருப்பார்கள். அதுதான் அந்தத் தண்ணீருக்கும் நமக்கும் நடுவே உள்ள சுவர். ஸ்பீக்கர் மாற்றவோ பவர் விண்டோ மோட்டார் பார்க்கவோ கதவைப் பிரித்தவர் அந்த ஷீட்டைக் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிட்டால் ஒவ்வொரு மழைக்கும் காலடி நனையும். புது ஸ்பீக்கர் போட்ட பிறகு ஈரம் ஆரம்பித்ததா என்று யோசித்துப் பாருங்கள். கதவின் அடித்துவாரத்தை ஒரு பல்குச்சியால் குத்திவிடுவது கை சும்மா இருக்கும்போது செய்கிற வேலை.

பின்சீட்டுக் காலடி நனைந்தால் டிக்கியைப் பாருங்கள். ஸ்டெப்னியை வெளியே எடுத்தால் அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும். பின்விளக்கின் கேஸ்கெட், டிக்கிக் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையான பீடிங், கூரை ஆன்டெனாவின் அடி ரப்பர், இவற்றில் ஒன்றாக இருக்கும். பீடிங் ஒழுங்காக அழுந்துகிறதா என்று தெரிய, அதன் மேல் சாக்பீஸ் தூளைத் தடவிக் கதவைச் சாத்தித் திறந்தால் எதிர்ப்பக்கம் கோடு விழும். கோடு எங்கே அறுபடுகிறதோ அங்கே அழுத்தம் இல்லை.

சரி, வழி அடைபட்டது. இனி காய வைக்கலாம்.

ஃபேன், வெயில், ஈரம் உறிஞ்சும் பை எதற்கும் முன்னால், தண்ணீரைத் தண்ணீராகவே எடுத்துவிடுங்கள். ஒரு லிட்டரை உறிஞ்சி எடுப்பது ஐந்து நிமிட வேலை. அதே லிட்டரை ஆவியாக்கி வெளியேற்றுவது பல நாள் வேலை. ஈரத்தையும் உறிஞ்சும் வேக்குவம் கிளீனர் கிடைத்தால் நல்லது. வீட்டில் தூசி எடுக்கும் சாதாரண வேக்குவத்தைக் கொண்டு வராதீர்கள், மோட்டாருக்குள் தண்ணீர் போய்விடும். வேக்குவம் இல்லாவிட்டால் பழைய துண்டுகள் போதும்: விரித்து, மேலே ஏறி நின்று, பிழிந்து, மறுபடி.

அடுத்தது கார்பெட்டைத் தூக்குவது. பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள். கதவு நிலைப்படியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டை கிளிப்பில்தான் நிற்கிறது, இழுத்தால் வந்துவிடும். அதன் கீழ் செருகியிருக்கும் கார்பெட் ஓரத்தை உருவித் தூக்கி, இடையில் காலி பிளாஸ்டிக் பாட்டிலையோ மரக்கட்டையையோ முட்டுக் கொடுத்துவிட்டால் பஞ்சுக்கும் தகரத்துக்கும் நடுவே காற்று போகும். இது ஒன்றைச் செய்தால் மற்ற எல்லா உபாயங்களும் வேலை செய்ய ஆரம்பிக்கும். செய்யாவிட்டால் மேல்துணி மட்டும் காய்ந்து நம்மை ஏமாற்றும். தூக்கும்போது அடியில் கனெக்டர்களையும் ஒயர்களையும் பாருங்கள். செம்பில் பச்சை பூத்திருந்தால் டேஷ்போர்டில் காரணமில்லாமல் எரியும் விளக்குகளுக்கு அங்கேதான் விடை.

சீட்டைக் கழற்றினால் வசதிதான், ஆனால் சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக்கோடு சம்பந்தப்பட்டது. பேட்டரியைத் துண்டித்துச் சில நிமிடம் காத்திருக்காமல் அதில் கை வைக்கக் கூடாது. கழற்றி வைத்த நிலையில் சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரிந்து, அதை அணைக்க ஸ்கேனர் தேடி அலைய வேண்டிவரும். நம்பிக்கை இல்லாதவர்கள் சீட்டை முழுக்க முன்னே தள்ளி, பிறகு முழுக்கப் பின்னே தள்ளி, கிடைக்கும் இடத்தில் வேலை செய்யலாம். நான் கழற்றவில்லை.

இப்போது வெயில். வெயிலில் நிறுத்தினால் காயும் என்று எல்லோருக்கும் தெரியும். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில்தான் சண்டை. இரண்டு பக்கமும் பாதி சரி. வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்றில் கன மீட்டருக்கு 24 கிராம் நீராவி ஏற்கெனவே இருக்கிறது. அந்த வெப்பத்தில் அது தாங்கக்கூடியது 30. மீதி இடம் 6 கிராம். ஜன்னலை ஆவென்று திறந்து வைத்தால் ஒரு முறை உள்ளே காற்று முழுதாக மாறும்போது 18 கிராம் தண்ணீர்தான் வெளியேற முடியும். ஒரு லிட்டருக்கு 55 முறை மாற வேண்டும். அதே காற்று மூடிய காருக்குள் 50 டிகிரிக்குச் சூடானால் கன மீட்டருக்கு 83 கிராம் வரை தாங்கும். இப்போது ஒவ்வொரு முறையும் 170 கிராமுக்கு மேல் எடுத்துப்போக இடம் இருக்கிறது. ஐந்தாறு முறை மாறினால் அந்த ஒரு லிட்டர் காலி. இது காகிதக் கணக்கு, நடப்பில் காற்று அவ்வளவு நிறைந்து போகாது. ஆனாலும் செய்ய வேண்டியது என்ன என்பது தெரிகிறது: சூடாகவும் வேண்டும், வெளியேற வழியும் வேண்டும். எல்லா ஜன்னலையும் ஒரு விரல் அளவு மட்டும் இறக்கி வெயிலில் விடுங்கள். அவ்வப்போது நாலு கதவையும் திறந்து, அந்தக் குப்பென்ற சூட்டை வெளியே விட்டு, மறுபடி சாத்துங்கள். ஜன்னலுக்கு மேல் ஒட்டும் மழைத்தடுப்பான டோர் வைசர் இருந்தால் திடீர் மழைக்கும் பயமில்லை.

வெயிலில் முழுக்க மூடி வைத்துவிட்டு, சாயங்காலம் அப்படியே பூட்டிவிட்டுப் போவது வீண் வேலை. பகலில் பஞ்சிலிருந்து கிளம்பிய நீராவி உள்ளேயே இருக்கும். ராத்திரி 25 டிகிரிக்கு இறங்கும்போது காற்றால் கன மீட்டருக்கு 23 கிராம்தான் பிடித்துக்கொள்ள முடியும்; மிச்சம் கண்ணாடியிலும் கூரைத் துணியிலும் சீட்டிலும் நீராக இறங்கும். காலடியில் மட்டும் இருந்த ஈரத்தை வண்டி முழுக்கப் பங்கு வைத்த கதை. வெயில் சாய்வதற்கு முன் கதவுகளை நன்றாகத் திறந்து காற்றை மாற்றிவிட்டுப் பூட்டுங்கள்.

மழைக்காலத்தில் ஈரம் ஆரம்பித்தால் வெயிலுக்குக் காத்திருக்க முடியாது. ஈரமான இடத்தில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுக்கும் டிஹியுமிடிஃபயர் கிடைத்தால் அதை உள்ளே வைத்து, ஜன்னல்களை முழுக்க மூடி ஓட விடுங்கள். இங்கே மூடுவதுதான் சரி. திறந்து வைத்தால் அது ஊரில் உள்ள காற்றை எல்லாம் காய வைக்கப் பார்க்கும். கம்ப்ரஸர் வகை வெதுவெதுப்பான இடத்தில் நன்றாக வேலை செய்யும். குளிரில் அதன் காயிலிலேயே பனி உறையும், அங்கே உறிஞ்சுபொருள் வகை மேல். அதுவும் இல்லாவிட்டால் உங்களிடமே ஒன்று இருக்கிறது. காரின் ஏ.சி.யே ஒரு டிஹியுமிடிஃபயர்தான். ஏ.சி.யைப் போட்டு, வெப்பநிலைத் திருகியைச் சூட்டுப் பக்கம் வைத்து, காற்றைக் காலடிக்குத் திருப்பி, நீண்ட தூரம் ஒரு ஓட்டு ஓட்டி வாருங்கள். குளிர்ந்த காயில் ஈரத்தைப் பிடித்து வெளியே சொட்டுகிறது, ஹீட்டர் அந்தக் காய்ந்த காற்றைச் சூடாக்கிக் கார்பெட்டுக்கு அனுப்புகிறது. ஏ.சி.யையும் ஹீட்டரையும் ஒன்றாகப் போடலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. ஆனால் மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓட விட்டுக் காய வைக்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. ரூம் ஹீட்டரை சீட்டில் வைத்துவிட்டுத் தூங்கப் போவதும் வேண்டாம்.

உறிஞ்சும் பைகளைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீரைப் பிடிக்கும். அரை கிலோ பை என்றால் 150 கிராமுக்குக் கொஞ்சம் மேல். காய்ந்த வண்டியைக் காய்ந்தபடி வைக்க உதவும். நனைந்த வண்டிக்கு அது கடலில் கரைத்த பெருங்காயம். நிரம்பிய பிறகு சூடாக்கி உலர்த்தாமல் அங்கேயே விட்டால் வெறும் அலங்காரம். கால்சியம் குளோரைடு டப்பாக்கள் தன் எடையைவிட அதிகமாகவே இழுக்கும், ஆனால் இழுத்தது உப்புக் கரைசலாக அடியில் சேரும். ஒரு வளைவில் அது கவிழ்ந்தால் கார்பெட்டில் என்றைக்கும் காயாத பிசுபிசுப்பு, தகரத்துக்குத் துரு. ஓடுகிற வண்டியில் அதை நான் வைக்க மாட்டேன். சமையல் சோடா வாடையைக் கொஞ்சம் குறைக்கும், ஈரத்தை ஒன்றும் செய்யாது. கண்ணாடியில் தொங்கும் வாசனை அட்டைகளைப் பற்றி எனக்குக் கடும் வார்த்தைகள் உண்டு. மூக்கு ஒன்றுதான் நமக்கு இருக்கும் ஈரமானி, அதையும் ஏன் கெடுக்க வேண்டும்?

காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள டிஷ்யூ சோதனையை மறுபடி செய்யலாம். சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வைப்பது இன்னும் நம்பகமானது. வண்டியை மூடி ராத்திரி விட்டு, காலையில் வெப்பமும் ஈரப்பதமும் உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு இடத்திலும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, வெளியே 60, உள்ளே 90 என்று காட்டினால் எங்கோ இன்னும் ஈரம் ஒளிந்திருக்கிறது.

பூஞ்சணம் ஏற்கெனவே பிடித்திருந்தால் மாஸ்க் போட்டுக்கொண்டு, கதவுகளைத் திறந்து வைத்து, துடையுங்கள். எல்லோரும் மறக்கும் இடம் சீட் பெல்ட். அதை முழுக்க வெளியே இழுத்து, கிளிப் போட்டு நிறுத்தி, மிதமான சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே சுருள விடுங்கள். ப்ளீச் கூடவே கூடாது. பெல்ட்டின் இழையை பலவீனமாக்கிவிடும். கார்பெட் காய்ந்தும் ஏ.சி. போட்ட முதல் நொடியில் மட்டும் வாடை வந்தால் அது கூலிங் காயிலில் இருக்கிறது. வீடு வந்து சேர்வதற்குச் சில நிமிடம் முன்பு ஏ.சி.யை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓட விட்டால் காயில் காய்ந்துவிடும். அந்தப் பழக்கம் போதும். கேபின் ஃபில்டர் நனைந்திருந்தால் மாற்றிவிடுங்கள், கழுவிப் போட வேண்டாம்.

ஓட்டும்போது கண்ணாடியை ஆவி மூடினால், முதலில் உள்ளேயா வெளியேயா என்று விரலால் கோடு போட்டுப் பாருங்கள். உள்ளே என்றால்: ஏ.சி. போடுங்கள், காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள், வெப்பத்தைக் கூட்டுங்கள், ரீசர்குலேஷனை எடுத்துவிட்டு வெளிக்காற்றை விடுங்கள். அந்த வட்ட அம்பு பொத்தானைத் தூசிக்காக அழுத்திவிட்டு மறந்துபோவதுதான் பாதி ஆவிக்குக் காரணம்; நாம் விட்ட மூச்சே சுற்றிச் சுற்றி வருகிறது. வெளியே என்றால் கதை தலைகீழ். புழுக்கமான ராத்திரியில் உள்ளே ஏ.சி.யைக் கடுங்குளிரில் வைத்து, அந்தக் காற்றும் கண்ணாடியில் பட்டுக்கொண்டிருந்தால், வெளிக்காற்றின் ஈரம் கண்ணாடியின் வெளிப்பக்கம் படியும். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் போகாது. வைப்பரை ஒரு தட்டுத் தட்டி, காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பி, குளிரைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும்.

கண்ணாடியின் உள்பக்கம் சுத்தமாக இருந்தால் ஆவி தாமதமாகப் பிடிக்கும், சீக்கிரம் விடும். டேஷ்போர்டின் பிளாஸ்டிக் வெயிலில் விடும் ஆவியும், நம் விரல் எண்ணெயும் சேர்ந்து ஒரு படலம் போடுகின்றன. துளிகள் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். மைக்ரோஃபைபர் துணியால் அவ்வப்போது துடையுங்கள். கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அமோனியா கலந்த கிளீனரைத் தவிருங்கள், ஃபிலிம் கெட்டுவிடும். திறந்தவெளியில் நிற்கும் வண்டியின் கண்ணாடி ராத்திரி வானத்துக்கு வெப்பத்தை விட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். கூரைக்கு அடியிலோ மரத்தடியிலோ அவ்வளவு குளிராது. மரத்தடி என்றால் இலை விழும், அது வேறு தலைவலி. எனக்கு வேறு இடம் இல்லாததால் மரத்தடிதான், பதிலுக்கு வைப்பர் பள்ளத்தை அடிக்கடி சுத்தம் செய்கிறேன்.

நனைந்த குடையை டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் தட்டில் போடுங்கள். ரப்பர் மேட் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது என்று நம்பி விட்டுவிடாமல், மழை நாளில் இறங்கும்போது அதை எடுத்துக் கொட்டுங்கள். டிக்கியின் பக்கவாட்டில், பம்பருக்குப் பின்னால், உள்காற்று வெளியேற மெல்லிய ரப்பர் மடல்கள் உள்ள துவாரம் இருக்கும். சாமான்களை அதன் மேல் அடுக்கிவிட்டால் ப்ளோயர் எவ்வளவு ஊதினாலும் காற்று நகராது.

இதெல்லாம் கார்பெட் நனைந்த வண்டிக்கு. வெள்ளத்தில் சீட் மட்டத்துக்கு மூழ்கிய வண்டி என்றால் துண்டும் ஃபேனும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சாவியைத் திருப்பிப் பார்க்கவும் வேண்டாம். என்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரு ஸ்டார்ட்டில் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துபோகலாம். தண்ணீர் எதுவரை ஏறியது என்று தெரியும்படி போட்டோ எடுத்து, இன்சூரன்ஸுக்குச் சொல்லி, கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். பேட்டரியைத் துண்டிப்பதையும் வருகிறவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.